பர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ்: எங்கள் வீட்டுப் பெயர் வந்த வழி

அப்பா தவறி எட்டு மாதம் கழித்து, வீட்டுப் பத்திரத்தை எனக்கும் தங்கைக்கும் மாற்றப் போனேன். தாத்தா வாங்கிய வீடு. மூலப்பத்திரத்தில் தாத்தாவின் பெயர் சவரிமுத்து பர்னாந்து. அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் பெர்னாண்டோ. கவுண்டரில் இருந்தவர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், முதல் ரெண்டும் ரெண்டு ஆளு. மூணாவது வேற குடும்பம்."

"எல்லாம் ஒரே பேருதான் சார். எங்க ஊர்ல இப்படி மாத்தி மாத்தி எழுதுவாங்க."

"ஊர் எழுதுறது எனக்கு எதுக்கு? ரெக்கார்டு என்ன சொல்லுதோ அதான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். காரியம் முடிய ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் ராத்திரி உட்கார்ந்து இந்தப் பெயரின் பின்னாலேயே அலைந்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தப் பேச்சை எடுத்தாலே நிமிர்ந்து உட்காருவார். "ஏலே, நம்ம முப்பாட்டன் பறங்கி கேப்டன். கப்பல்ல வந்தவன். இல்லாட்டி இந்தப் பேரு எங்கருந்து வரும்?" கனடாவில் இருக்கும் அவருடைய பேரன் இதை நம்பி, லிஸ்பனில் மூதாதையரைத் தேட இணையத்தில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறான். தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று கரையோரம் எங்கே போனாலும் இந்தக் கேப்டன் கதை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

பெயரின் தொடக்கம் போர்ச்சுகலில்கூட இல்லை. அது ஒரு ஜெர்மானியப் பெயர். ரோமப் பேரரசு சரிந்த காலத்தில் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் புகுந்து, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே ஆண்டவர்கள் விசிகோத்துகள். அவர்களுடைய மொழியில் இரண்டு சொற்கள் சேர்ந்து உருவான பெயர் இது. பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதிக்குப் பயணம் என்பார் சிலர், காவல் அல்லது அமைதி என்பார் வேறு சிலர். கடலோடிகளான எங்களுக்குப் பயணம் என்பதே பிடிக்கும், அது வேறு விஷயம். கோத்துகளின் மொழி அழிந்தது, பெயர்கள் தங்கிவிட்டன. காஸ்டீல் அரசர்கள் பலர் இதே பெயரை வைத்துக்கொண்டார்கள். கொலம்பஸை அனுப்பிவைத்த பெர்டினாண்ட் அரசரின் பெயரும் இதுதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் புனித அந்தோணியாருக்கு இருக்கிற செல்வாக்கு, உவரிக் கோயில் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதுவை அந்தோணியார் என்று சொன்னாலும் அவர் பிறந்த ஊர் லிஸ்பன். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணி ஆனார். ஆக, எங்கள் தெருவில் அரை டஜன் பேருக்கு இருக்கும் 'அந்தோணி பெர்னாண்டோ' என்ற பெயரில் இரண்டு பாதியுமே ஒரே புனிதருடையது!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மேலே சொன்ன எல்லாருக்கும் பெர்னாண்டோ என்பது சொந்தப் பெயர், அதாவது சவரிமுத்து, முருகன் மாதிரி. குடும்பப் பெயர் வேண்டுமென்றால் போர்ச்சுகலில் அதற்குத் தனி வடிவம் உண்டு. பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். மெந்தோவின் மகன் மெந்தஸ். கடைசியில் வரும் அந்த 'ஸ்'தான் மகன் என்ற பொருளைத் தருகிறது. போர்ச்சுகல் கால்பந்து ஆட்டக்காரர் ப்ரூனோ பெர்னாண்டஸ், மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ், கோவாவில் தெருவுக்குத் தெரு பார்க்கும் பெர்னாண்டஸ் எல்லாம் அந்த வகை. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மட்டும் ஏன் 'ஸ்' இல்லாத பெர்னாண்டோ குடும்பப் பெயராக நிற்கிறது? நான் ஏழு மாதம் மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான்.

அதற்கு 1530-களுக்குப் போக வேண்டும்.

முத்துக்குளித்துறையில் சிப்பி எடுக்கும் உரிமை யாருக்கு என்பதில் பரதவர்களுக்கும் அங்கிருந்த இஸ்லாமிய வணிகர்களுக்கும் சண்டை முற்றியிருந்த காலம். கடலில் பலமாக இருந்தவர்கள் போர்த்துகீசியர்கள். குதிரை வணிகம் செய்துவந்த, ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்த ஜுவாம் த குரூஸ் என்பவர், அவர்களுடைய பாதுகாப்பைக் கேட்கும்படி பரதவர்களுக்கு யோசனை சொன்னார். பட்டங்கட்டிகள், அதாவது ஊர்த் தலைவர்கள், கொச்சிக்குப் போனார்கள். பாதுகாப்பு கிடைத்தது, ஞானஸ்நானமும் சேர்ந்து கிடைத்தது. 1535 முதல் 1537 வரை கரை முழுவதும் ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. 20,000 பேர் வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

பெரியப்பாவிடம் நான் வைத்த முதல் வாதம் இந்த எண்தான். கரையில் அப்போது இருந்த போர்த்துகீசியர்கள் ஒரு கேப்டன், கொஞ்சம் படைவீரர்கள், கொஞ்சம் வணிகர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள். இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு அவர்கள் முப்பாட்டனாக முடியுமா? "ஏன், ஒரு கேப்டன் போதாதா?" என்றார். சரிதான், மேலே போவோம்.

ஞானஸ்நானத்தில் என்ன பெயர் கொடுப்பார்கள்? சொந்தப் பெயர்தான். குடும்பப் பெயரை வைப்பது அந்தச் சடங்கில் கிடையாது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தார். தெற்கே திருவிதாங்கூர்க் கரையில் பல்லாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததைப் பற்றி 1545-இல் எழுதிய கடிதத்தில், ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுப்பதாகச் சொல்கிறார். இந்த வரியைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதுவரை சாத்தனோ முத்தனோ ஆக இருந்த ஒருவர், வாயில் நுழையாத ஒரு பெயரைக் கையில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். மறக்காமல் இருக்கத்தானே எழுத்து?

அப்படி ஒருவருக்குப் பெர்னாண்டோ என்று பெயர் வந்தது என்று வையுங்கள். அவருக்கு ஒரு மகன், மகன் பெயர் பேதுரு. எந்தப் பேதுரு என்று கேட்டால் தமிழன் என்ன சொல்வான்? பெர்னாண்டோ மகன் பேதுரு. தகப்பன் பெயரை அப்படியே பக்கத்தில் வைப்போம். இன்றைக்கும் இனிஷியல் போடும் நம் பழக்கம் அதுதான். தகப்பன் பெயரை வெட்டி ஒட்டி மகனுக்கு வேறு உருவம் செய்யும் வழக்கம் நமக்கு இல்லை. என் முடிவு இது: பெர்னாண்டோ குடும்பப் பெயராக ஆனது தமிழ் வழக்கத்தால். சொல் போர்ச்சுகல் சொல், அதைக் குடும்பப் பெயராக்கிய முறை நம்முடையது. கேப்டன் ஒருவர் தன் பெயரை வாரிசுகளுக்கு விட்டுப்போயிருந்தால், அந்தப் பெயர் பெர்னாண்டஸ் என்று இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

'பெர்னாண்டஸ்தான் நம் வாயில் தேய்ந்து பெர்னாண்டோ ஆகியிருக்கும், கடைசி ஸ் விழுந்திருக்கும்' என்று யாராவது சொல்லலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணத்தைக் கெடுத்தது இலங்கைப் பெயர்ப் பட்டியல். மெந்தஸ் அங்கே மெண்டிஸ் ஆகியிருக்கிறது. பிரஸ், பீரிஸ் ஆகியிருக்கிறது. அல்வஸ், அல்விஸ் ஆகியிருக்கிறது. உயிரெழுத்தெல்லாம் ஆட்டம் கண்டாலும் கடைசி 'ஸ்' ஒன்றிலும் விழவில்லை. எங்கள் பக்கம் கோமஸும் வாஸும் அப்படியே இருக்கிறார்கள். பெர்னாண்டஸில் மட்டும் விழுவானேன்? அதோடு பெர்னாண்டோ தனியாகவும் நிற்கவில்லை. ரொட்ரிகஸுக்குப் பதில் ரொட்ரிகோ என்றே குடும்பப் பெயர் கொண்டவர்கள் இலங்கையில் உண்டு. அப்போன்சோ என்பதும் அபோன்சோ என்ற சொந்தப் பெயர் குடும்பப் பெயராக நின்றதுதான். ஒரே மாதிரி மூன்று பெயர் அமைந்தால் அதைத் தேய்மானம் என்று தள்ளிவிட முடியாது.

எல்லாப் பெயர்களும் இப்படி வந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துகீசியரின் குடும்பப் பெயரை முழுசாக வாங்கியவர்களும் உண்டு. ரோச் என்றால் பாறை. சில்வா என்றால் காடு. பெரேரா என்றால் பேரி மரம். நாம் தின்னும் பேரிக்காயும் அந்தப் பெரேராவும் ஒரே மரத்தின் சொற்கள். பாறை, காடு, மரம் எல்லாம் போர்ச்சுகலில் ஏற்கெனவே குடும்பப் பெயராக இருந்தவை. தகப்பன் பெயர் மகனுக்குப் போய் உண்டானவை இல்லை. சந்திரபாபுவை எல்லாருக்கும் தெரியும். தூத்துக்குடியில் பிறந்த அவருடைய முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரொட்ரிகஸ். 'ஸ்' உள்ள வகை. அதே பெயருக்குள் எங்கள் பனிமய மாதாவும் இருக்கிறாள்!

அடுத்து எழுத்துக்கு வருகிறேன். தாத்தா 'பர்னாந்து' என்று எழுதினார். அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாத்தியார் அதைப் பட்டிக்காட்டு எழுத்து என்று சொல்லிப் 'பெர்னாண்டோ' என்று திருத்தினாராம். அப்பா கடைசி வரைக்கும் தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சிரித்தது தப்பு. சட்டையில் மாட்டுகிற அந்தச் சின்ன வட்டத்துக்கு நம்மிடம் இரண்டு சொல் உண்டு: பொத்தான், பட்டன். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. போர்த்துகீசியரிடமிருந்து வாங்கியபோது 'த்' என்று வாங்கினோம், ஆங்கிலேயரிடமிருந்து வாங்கியபோது 'ட்' என்று வாங்கினோம். காரணம் காதுதான். போர்த்துகீசிய மொழியில் இந்த ஒலிகள் பல்லைத் தொட்டு வரும், நம் தகரம் மாதிரி. ஆங்கிலத்தில் நாக்கு இன்னும் உள்ளே போகும், அது நம் காதில் டகரமாக விழும். பாதிரியில் தகரம், டாக்டரில் டகரம். இதே கணக்கில் பர்னாந்து போர்த்துகீசியர் வாயிலிருந்து நேராகக் கேட்டு எழுதிய வடிவம். பெர்னாண்டோ ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த வடிவம். லிஸ்பனில் இன்றைக்கும் கடைசி ஓகாரத்தை உகரமாகத்தான் சொல்கிறார்கள். பர்னாந்துவில் இருக்கும் அதே 'து'. சிங்களத்திலும் இந்தப் பெயரை 'ப்ரனாந்து' என்றுதான் எழுதுகிறார்கள், தகரமும் உகரமும் போட்டு. இரண்டு மொழிக்காரர்களின் காதிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. வாத்தியார் திருத்தியதுதான் பிழை.

ஊர்த் தலைவர் ஒருவரின் பெயரே இதற்கு உதாரணம். வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869-இல் பிறந்தவர், 1930-இல் காலமானார். தமிழில் ஊர் முழுக்க பர்னாந்து, ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ். தாத்தாவின் பென்ஷன் புத்தகத்தில் 'ஸ்' எப்படி நுழைந்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. ஆங்கிலம் தெரிந்த எழுத்தருக்கு பெர்னாண்டஸ்தான் முழுமையான பெயராகத் தோன்றியிருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் சுவாரசியம். பெர்னாண்டோ என்ற பெயர் இன்று அதிகம் வழங்குவது இலங்கையில்தான். மொரட்டுவை, பாணந்துறை, நீர்கொழும்பு, சிலாபம் என்று மேற்குக் கரை நெடுக இந்தப் பெயர். பெரும்பாலும் கரையோரக் கராவ சமூகத்தார், இன்று சிங்களவர்கள். அவர்களில் பௌத்தர்களும் உண்டு, கத்தோலிக்கர்களும் உண்டு. போர்த்துகீசியருக்குப் பிறகு ஆண்ட டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தை ஒடுக்கினார்கள், ஆனால் பெயர்களை விட்டுவைத்தார்கள். அவர்களுடைய தோம்பு ஏடுகளில் நிலம், திருமுழுக்கு, திருமணம் எல்லாம் பதிவானது. சொத்துரிமையைக் காட்ட அந்தப் பதிவு வேண்டும். ஆகவே பௌத்தத்துக்குத் திரும்பியவர்களும் ஏட்டில் இருந்த பெயரைத் தொடவில்லை. (என் மூன்று தாளை நினைத்துக்கொண்டேன்.) பிற்பாடு டேவிட் ஹேவாவிதாரண தன் பெயரை அநகாரிக தர்மபால என்று மாற்றிக்கொண்டதைப் போலச் சிலர் ஐரோப்பியப் பெயரை உதறினார்கள். பெர்னாண்டோக்கள் பெரும்பாலும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

கராவர்களின் பூர்வீகம் பற்றிப் பேசும் முக்கர ஹடன என்ற ஏடு, காஞ்சிபுரம், கீழக்கரை, காவேரிப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வீரர்கள் வந்ததாகச் சொல்கிறது. நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் வீட்டுக்குள் தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் இன்றும் உண்டு. நீர்கொழும்பில் ஒரு மீன்வாடியில் பேச்சுக் கொடுத்தபோது, பெரியவர் ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு, "நாங்களும் ப்ரனாந்துதான் தம்பி, ஆனா பேருல என்ன இருக்கு, நீங்க என்ன கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. 'கே' என்றால் சிங்களத்தில் இன்னாருடைய வீட்டைச் சேர்ந்த என்று பொருள். எல்லாரும் பெர்னாண்டோவாக இருக்கிற ஊரில் அந்தப் பெயர் ஆளைக் காட்டாது. முன்னால் வரும் நீண்ட வீட்டுப் பெயர்தான் காட்டும். பந்துவீச்சாளர் விஷ்வ பெர்னாண்டோவின் முழுப் பெயரில் முதலில் வருவது முத்துதந்திரிகே. அவிஷ்க பெர்னாண்டோ, வீரஹந்திகே. சமிந்த வாஸின் பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே என்று தொடங்கும். பட்டபெந்தி என்றால் பட்டம் கட்டப்பட்டவர். எங்கள் கரையில் பட்டங்கட்டி. கொச்சிக்குப் போனார்களே, அவர்களுடைய அதே பதவிப் பெயர். பூர்வீகம் தேடுகிறவர் வாஸ் என்ற சொல்லைப் பிடித்து லிஸ்பனுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவார். முன்னால் உள்ள நீண்ட பெயரைப் பிடித்தால் இந்தக் கடலுக்குள்ளேயே ஏதாவது அகப்படும்.

தூத்துக்குடிக்காரர்கள் கொழும்புக்குப் போய்த் தங்கியது வேறு அலை. தோணி வணிகமும் கப்பலும் இழுத்தன. பாம்பன் பாலம் 1914-இல் திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் வந்துதான் கப்பல் ஏறினார்கள். அப்படிப் போய்த் தங்கியவர்களை இலங்கைக் கணக்கெடுப்பில் பரதர் என்று தனியாக எண்ணுகிறார்கள். ஆச்சியின் தம்பி குடும்பம் அதில் சேர்த்தி. ஆக, கொழும்பில் ஒரே தெருவில் ஒரு சிங்களப் பெர்னாண்டோவும் ஒரு தமிழ் பெர்னாண்டோவும் இருக்கலாம். 1983-இல் பெயரைப் பார்த்து விட்டுவிட்டார்கள் என்று ஆச்சி சொல்லுவாள். அதற்கு மேல் அவள் பேசமாட்டாள்.

எங்கள் பத்திரம் எப்படி முடிந்தது? பங்குக் கோயிலில் போய்க் கேட்டேன். அப்பாவின் திருமுழுக்குப் பதிவைத் தேட ஒரு மத்தியானம் ஆனது. அந்த ஆண்டில் மட்டும் சவரிமுத்து பர்னாந்து என்ற தகப்பன் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. எந்தச் சவரிமுத்து? பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த உபதேசியார் கேட்டார், "ஒங்க தாத்தாவுக்குப் பட்டப்பேரு என்ன தம்பி?"

"கடியாரம்."

"அப்பம் இதுதான்." ஓரத்தில் யாரோ ஒரு குருவானவர் பென்சிலில் சின்னதாக எழுதி வைத்திருந்தார். தெருவிலேயே முதல்முதலில் கைக்கடியாரம் கட்டியவர் தாத்தா.

அந்த நகலையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் வைத்துத்தான் வேலை நடந்தது. சவரிமுத்து பர்னாந்து என்கிற பெர்னாண்டோ என்கிற பெர்னாண்டஸ் என்று டைப் அடித்துவிட்டு நோட்டரி கேட்டார், "இனிமே உள்ள பத்திரத்துல எதைப் போடட்டும்?" பர்னாந்து என்று சொல்லத்தான் ஆசை. என் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பெர்னாண்டோ என்று இருக்கிறதே. பெர்னாண்டோ என்றே போடச் சொன்னேன்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பொத்தான், பட்டன் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடைசியில், "எல்லாம் சரிலே. அந்தக் கேப்டன் பேரு என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றார்.